சோதனைக் குழாயும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

2023 ஜூன் 17, சனி

எங்கள் சின்னவனுக்கு இன்றும் காலையில் இரண்டு கண்ணும் வீங்கியிருந்தன. பத்து நாளாக இப்படித்தான். மத்தியானத்துக்குள் வடிந்துவிடுவதால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் காட்டிய இடத்தில் அலர்ஜி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், அதையும் விட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். அரைஞாண் கயிறு வயிற்றில் பதிந்து, இரண்டு பக்கமும் சதை பிதுங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் அந்தக் கயிற்றுக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையும். முழங்காலுக்குக் கீழே அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. அத்தை ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து வந்து கயிற்றை வெட்டினார்கள்.

அப்புறம் மூத்தவள் சொன்னாள், "தம்பி ஒன்னுக்குப் போனா சோப்பு நுரை மாதிரி வருதும்மா, ரொம்ப நேரம் போகாம நிக்குது." அவள் சொல்லும் வரை எனக்குத் தெரியாது. நாலு வயதுப் பையன் தனியாகப் போய்விட்டு வருகிறானே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2023 ஜூன் 19, திங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து விடிகாலை பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். குழந்தைகளுக்கென்றே இருக்கும் சிறுநீரக டாக்டர். சிறுநீரைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். சிறுநீரில் புரதம் 4+, அதுதான் உச்ச அளவு. ரத்தத்தில் ஆல்புமின் 1.6, கொலஸ்டிரால் 412. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சரியாக இருக்கிறது, பிரஷரும் சரி. நோயின் பெயர் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்.

இவர் கேட்ட முதல் கேள்வி, "டயாலிசிஸ் பண்ணணுமா டாக்டர்?" கிட்னி என்றாலே நமக்கு அது ஒன்றுதான் தெரியும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் சின்னச் சல்லடைகள் இருக்கின்றன. கழிவு நீரைக் கீழே விட்டு, புரதத்தை மேலேயே நிறுத்திவைப்பது அவற்றின் வேலை. இவனுக்குச் சல்லடையின் கண் பெரிதாகிவிட்ட மாதிரி ஆகி, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரோடு ஒழுகிப் போகிறது. ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பதே அந்தப் புரதம்தான். அது குறைந்ததும் தண்ணீர் கசிந்து கண், கால், வயிறு என்று கோத்துக்கொள்கிறது. ஆனால் கழிவை வெளியேற்றும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால்தான் கிரியாட்டினின் ஏறவில்லை. இந்த வயதில் வருவது பெரும்பாலும் 'மினிமல் சேஞ்ச்' வகை. சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிறுநீரகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையிலேயே அடங்கிவிடும். அடங்காதவர்களுக்குத்தான் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி, வேறு மருந்து எல்லாம்.

"அடங்கிடும். ஆனா திரும்ப வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும். வந்தா உங்க தப்புன்னு நெனைக்காதீங்க" என்றார். அதை ஏன் இன்றைக்கே சொல்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

காசநோய் இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்த பிறகு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. வீக்கத்தோடு எடை 17.4. வீங்குவதற்கு முந்தைய எடை 15 என்று வைத்து, கிலோவுக்கு 2 மி.கி. கணக்கில் தினமும் 30 மி.கி. காலையில் சாப்பிட்டதும் ஒரே வேளையாக. ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாமாக நிறுத்தக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். இந்த மாத்திரை வெளியிலிருந்து போகப் போக, உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளுமாம். திடீரென்று நிறுத்தினால் பிள்ளை துவண்டு போய்விடுவான்.

வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் இரண்டு வயதுப் பையன். அவனுக்கு இது இல்லை. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்பு. பிறந்ததிலிருந்து ஒன்னுக்கு விசையாகப் போகாமல் சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறது, யாரும் அதை ஒரு நோயாக நினைக்கவில்லை. நீர் பின்னால் தேங்கித் தேங்கி இரண்டு சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஆண் குழந்தை பெற்றவர்கள் இதை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.

2023 ஜூன் 22, வியாழன்

வீட்டிலேயே தினமும் சோதிக்க வேண்டும். இவர் மதுரையில் ஆறு கண்ணாடிக் குழாயும் ஒரு ஸ்பிரிட் விளக்கும் வாங்கி வந்தார். ஒரு 40 பக்க நோட்டு போட்டோம். தேதி, புரதம், எடை, மாத்திரை, காய்ச்சல் சளி உண்டா என்று மூத்தவள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தாள்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர். குழாயில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேல்பக்கத்தை மட்டும் தீயில் காட்ட வேண்டும். கொதிக்க ஆரம்பித்ததும் மேலே வெள்ளையாகக் கலங்கியது. இரண்டு மூன்று சொட்டு வினிகர் விட வேண்டும். வெறும் உப்பாக இருந்தால் கலங்கல் தெளிந்துவிடும். தெளியவில்லை. திப்பி திப்பியாகத் திரண்டு, பால் திரிந்த மாதிரி ஆகிவிட்டது. 4+.

அத்தை இதுவரை இதை நோயென்றே ஒத்துக்கொள்ளவில்லை. கண் பட்டுவிட்டது, நீர்க்கோவை, வாழைத்தண்டுச் சாறு கொடுத்தால் சரியாகும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று அடுப்படி வாசலில் நின்று குழாயைப் பார்த்தார்கள்.

"என்னடி இது, முட்டை வெள்ளைக்கரு வெந்த மாதிரி இருக்கு?"

"அதே சத்துதான் அத்தை. முட்டையில இருக்கிறதும் ஆல்புமின்தான். இவனுக்கு அது ஒன்னுக்குல போகுது."

அத்தை குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்கள். "புள்ள தின்ன சோறெல்லாம் இப்படியாடி போகுது" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். வாழைத்தண்டு பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. சமைக்கும்போது உப்பு டப்பாவைத் தானாகவே மேல் பரணுக்கு ஏற்றிவிட்டார்கள்.

2023 ஜூலை 1, சனி

மூன்று நாளாகக் குழாய் தெளிவாக இருக்கிறது. பின்னால் பேப்பரை வைத்துப் படித்தால் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. நோட்டில் 'நில் (nil), நில், நில்', அதாவது புரதம் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து இப்படி இருந்தால்தான் அடங்கிவிட்டதாகக் கணக்கு. நாலைந்து நாளாக விடாமல் ஒன்னுக்குப் போனான், கோத்திருந்த நீர் எல்லாம் இறங்கிவிட்டது. எடை 14.9. கால் குச்சி மாதிரி இருக்கிறது. அத்தை புதுக் கயிறு கட்டிவிட்டார்கள்.

2023 ஜூலை 23, ஞாயிறு

பசி. இதை யாராவது முன்னாடியே எங்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். விடிகாலை நாலரைக்கு எழுந்து இட்லி கேட்கிறான். ஆறு இட்லி தின்றுவிட்டுத் தட்டை நக்குகிறான். கொடுக்காவிட்டால் கடிக்கிறான், அக்கா கையில் பல் பதிந்துவிட்டது. இவன் சுபாவம் இது இல்லை. மருந்து செய்கிற வேலை என்று தெரிந்தாலும் அந்த நேரத்தில் எனக்கும் கை ஓங்கிவிடுகிறது. ஒரு தடவை அடித்தும்விட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

வெள்ளரிக்காய், கொய்யா, கேரட், மோர் என்று வயிறு நிறைகிற, எடை ஏற்றாத பொருளாகக் கையில் வைத்திருக்கிறேன். இங்கே பக்கத்திலேயே சாத்தூர் இருக்கிறது, காராச்சேவு இல்லாத வீடு கிடையாது. அவனுக்கு அது உயிர். அப்பளம், ஊறுகாய், கருவாடு, சிப்ஸ், சேவு ஐந்தையும் வீட்டிலேயே வைப்பதில்லை. அவனுக்கு மட்டும் இல்லை என்றால் அழுவான், யாருக்கும் இல்லை என்றால் கேட்பதில்லை.

முகம் நிலா மாதிரி உருண்டுவிட்டது, கன்னத்தில் பூனைமுடி. தெருவில், "இப்பத்தான் புள்ள கொழுகொழுன்னு தேறியிருக்கான்" என்கிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

2023 ஆகஸ்ட் 31, வியாழன்

ஆகஸ்ட் 2 முதல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை. அளவும் 22.5 மி.கி. ஆகக் குறைந்தது. 'இரட்டைப்படைத் தேதியில் மாத்திரை' என்று நினைவு வைத்துக்கொண்டேன். நேற்று 30ஆம் தேதி கொடுத்தாயிற்று. அடுத்தது 2ஆம் தேதி என்று இருந்தேன். மூத்தவள்தான் தினசரி காலண்டரைத் திருப்பிக் காட்டினாள். "அம்மா, இந்த மாசத்துக்கு 31 நாள். நாளைக்கு ஒண்ணாந்தேதிதான் குடுக்கணும்." அவள் கவனிக்காவிட்டால் இடையில் இரண்டு நாள் விட்டுப்போயிருக்கும். இனி தேதியை நம்பவில்லை, காலண்டர் தாளிலேயே முன்கூட்டி 'மா' என்று எழுதிவிட்டோம்.

2023 செப்டம்பர் 12, செவ்வாய்

நேற்றோடு மாத்திரை முடிந்தது. பிள்ளை பழையபடி சிரிக்கிறான். குழாய்ச் சோதனை மட்டும் நிற்காது.

2023 நவம்பர் 5, ஞாயிறு

மழை பிடித்ததிலிருந்து சளி. வெள்ளிக்கிழமை 3+. நேற்று 3+. இன்று காலை குழாய் திரிந்துவிட்டது, 4+. மூன்று நாள் தொடர்ந்து 3+ அல்லது அதற்கு மேல் வந்தால் ரிலாப்ஸ், நோய் திரும்பிவிட்டதாகக் கணக்கு. பெரும்பாலும் சளி காய்ச்சலின் பின்னாலேயே வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அப்படியே வந்துவிட்டது.

மழையில் நனையவிட்டேனா, கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பா என்று நான் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். இவர் நோட்டை எடுத்து ஜூன் மாதப் பக்கத்தையும் இன்றையப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அன்றைக்குப் பத்து நாள் வீங்கிய பிறகு தெரிந்தது. இன்றைக்கு முகத்தில் ஒரு வீக்கமும் இல்லை, அதற்குள் தெரிந்துவிட்டது. டாக்டரிடம் போனில் பேசி இன்றே மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தினமும் 30 மி.கி., மூன்று நாள் 'நில்' வரும் வரை. அப்புறம் நாலு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். வயிற்றில் கோத்த நீரில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி பேதியும் அப்படித்தான், ரத்தம் கெட்டியாகி உறைந்துவிடும் பயம் உண்டு. இதைப் பெரிய எழுத்தில் நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை கொடுப்பதில்லை.

2023 நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

2+. குறைந்து வருகிறது. அத்தை உப்பில்லாமல் முறுக்கு சுட்டார்கள். யாருக்கும் வாயில் வைக்க முடியவில்லை. தம்பி மட்டும் எட்டு தின்றான்.

2024 ஜனவரி 27, சனி

பொங்கல் முடிந்ததும் மறுபடி சளி, மறுபடி 4+. ஆறு மாதத்துக்குள் இது இரண்டாவது. அடிக்கடி திரும்புகிற வகையில் இப்போது டாக்டர் சேர்த்துவிட்டார். அடங்கிய பிறகும் மாத்திரையை நிறுத்தாமல், குறைந்த அளவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பல மாதம் கொடுத்துப் பார்க்கலாம். அப்படியும் வந்தால் லெவாமிசோல் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. நெடுநாள் ஸ்டீராய்டு என்பதால் உயரம் அளந்தார், கண்ணில் புரை விழுகிறதா என்று கண் டாக்டரிடமும் காட்டச் சொன்னார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர வருவது குறைந்து, வாலிப வயதுக்குள் நின்றுவிடும் என்றார். நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வயதை நினைத்துப் பார்க்க மலைப்பாக இருக்கிறது.

2024 பிப்ரவரி 17, சனி

எதிர் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறது. அந்த வீட்டுப் பையனுக்கு அம்மை. முந்தாநாள் வரை இவனோடு ஒரே திண்ணையில் விளையாடியவன். ஸ்டீராய்டு தின்கிற பிள்ளைக்கு அம்மை போட்டால் நுரையீரல், மூளை வரைக்கும் போகலாம். முத்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்க நேரமில்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன், இன்றே மதுரைக்குக் கொண்டுபோய்த் தடுப்பு மருந்து ஆரம்பித்துவிட்டோம்.

கிளம்பும்போது அத்தை, "ஆத்தா வந்திருக்கிற தெரு, இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாமா" என்று தயங்கினார்கள். அப்புறம் அவர்களே விபூதி பூசிவிட்டு, "மாரியாத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ பஸ்ஸைப் பிடி" என்றார்கள்.

2024 மார்ச் 3, ஞாயிறு

அம்மை போடவில்லை. இரண்டு வாரம் ஓடிவிட்டது, இன்னும் ஒரு வாரம் பார்க்க வேண்டும்.

இன்று போலியோ சொட்டு மருந்து முகாம். வாய் வழியாகக் கொடுப்பது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தது, ஸ்டீராய்டு தின்னும்போது இவனுக்கு வேண்டாம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். உயிருள்ள கிருமி இல்லாத நிமோனியா தடுப்பூசியும் ஃப்ளூ ஊசியும் போட்டிருக்கிறோம். வீட்டுக்கு வந்த செவிலியரிடம் சீட்டைக் காட்டினேன், படித்துவிட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

தெருவில் எல்லாப் பிள்ளைகளும் சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். தனக்கு மட்டும் இல்லை என்று வாசலில் உட்கார்ந்து அழுதான். மூத்தவள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அவன் விரல் நகத்தில் கறுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டாள். எழுந்து ஓடிவிட்டான்.

காலைச் சோதனை நில். எடை 16.2. உயரம் 101. நாளைக்கு மாத்திரை நாள்.