ஒரு பக்கக் கடிதம்

யூத இன அழிப்பு வரலாற்றைப் படிக்கும்போது, கொன்றவர்களைவிட வாய்மூடி இருந்த மதகுருமார்கள்தான் என்னை அதிகம் உறுத்துகிறார்கள். அதனாலேயே வாய் திறந்த ஒருவர், தெற்குப் பிரான்சின் துலூஸ் நகரப் பேராயர் சலியேஜ், மனதில் தங்கிவிட்டார்.

1942 ஆகஸ்ட். தெற்குப் பிரான்சுக்குள் ஜெர்மன் படை இன்னும் நுழையவே இல்லை. ஆனாலும் ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசின் போலீஸ், அகதிகளாய் வந்த யூதர்களைப் பிடித்து நாஜிகளிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. துலூஸுக்குப் பக்கத்திலேயே முகாம்கள்.

சலியேஜுக்கு வயது 72. பக்கவாதத்தால் பேச்சு குழறும். மனிதர் சுமார் ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். யூதர்களும் ஆண்கள், பெண்கள். அவர்களும் மனித இனம், நம் சகோதரர்கள். அவ்வளவுதான் விஷயம். இறையியல் விளக்கம் எல்லாம் இல்லை. அரசு அதிகாரி தடுத்தும், ஆகஸ்ட் 23 ஞாயிறு திருப்பலியில் பல கோயில்களில் அது வாசிக்கப்பட்டது.

அடுத்த வாரம் பக்கத்து மொந்தொபான் ஆயர் தெயாசும் எழுதினார். தபாலில் போட்டால் போலீஸ் பிரித்துவிடும். மரி-ரோஸ் ழினெஸ்த் என்ற பெண் சைக்கிள் மிதித்தே அந்தக் கடிதத்தைப் பங்குக் கோயில்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எனக்கு ஆயர்களைவிட அந்தச் சைக்கிளைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது!

சரி, மற்ற ஆயர்கள்? 1940 அக்டோபரில் யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தபோதே பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த மௌனத்துக்காகப் பிரெஞ்சு ஆயர்கள், யூதர்களை நாடுகடத்தும் முன் அடைத்துவைத்த முகாம் இருந்த திரான்சியில் மன்னிப்புக் கேட்டது 1997 செப்டம்பரில்.