பெர்சபோலிஸும் அம்மாவின் சனிக்கிழமைகளும்

அம்மா முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்தவள். வீரவநல்லூரிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போவாள். சனிக்கிழமை சாயங்காலம் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். அந்த முடிச்சை அவிழ்க்கும் சத்தத்துக்காகவே நானும் அண்ணனும் காத்திருப்போம்.

போன வாரம் அவளிடம் பெர்சபோலிஸ் படங்களைக் காட்டினேன். பழைய பாரசீக ராஜாக்களின் அரண்மனை நகரம் அது, ஈரானில், ஷிராஸ் நகருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது. கி.மு. 518 வாக்கில் முதலாம் தாரியஸ் தொடங்கினான், மகன் செர்க்சஸ் தொடர்ந்தான். அபதானா என்ற மண்டபத்துக்கு மட்டும் 72 தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் உயரம். கி.மு. 330இல் அலெக்சாண்டர் வந்தபோது எரிந்துபோனது. இன்று 13 தூண்கள்தான் நிற்கின்றன.

"சாந்து என்ன போட்டிருக்காவ?" என்றாள்.

சாந்தே இல்லை. கல்லோடு கல்லைப் பொருத்தி, இரும்புப் பட்டையை இறக்கி ஈயத்தை ஊற்றியிருக்கிறார்கள். நுழைவுப் படிக்கட்டில் ஒரு பக்கத்துக்கு 111 படிகள், எல்லாமே தாழ்வான படிகள். அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "சட்டியத் தூக்கிட்டு ஏற மூட்டு வலிக்காது" என்றாள்.

எனக்கு அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது வேறு. 1933இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அகழாய்வுக் குழுவுக்கு, அங்கே கோட்டை மதிலில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. பெரும்பாலானவை ஈலாமியம் என்ற பழைய மொழியில் எழுதப்பட்டவை. கி.மு. 509 முதல் 493 வரை கூலியாகக் கொடுத்த படியின் கணக்கு அது. யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு திராட்சை மது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரண வேலைக்கார ஆணுக்கு மாதம் சுமார் 30 லிட்டர் வாற்கோதுமை. பெண்கள் கூட்டத்தை மேய்த்த தலைவிக்கோ 50. இதைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சித்தாளாகப் போன எவளும் மேஸ்திரி ஆனதை அவள் பார்த்ததில்லை.

பிள்ளை பெற்ற வேலைக்காரிகளுக்குத் தனிப்படியும் உண்டு. ஆண் குழந்தை என்றால் பெண் குழந்தைக்குக் கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு.

"அப்போ உன்னப் பெத்ததுக்குப் பாதிதான் தந்திருப்பாவ, என்னட்டி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவளுவ பேரு எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

கூலிக்காரிகளுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, இந்த ஊரில் இத்தனை பெண்கள் என்றுதான் இருக்கிறது என்றேன்.

"எங்க மேஸ்திரி நோட்டுலயும் அப்படித்தான். சித்தாள் நாலுன்னு போட்டிருப்பாவ."