ஆமைக்குப் பிரேதப் பரிசோதனை

கால்நடை மருத்துவப் படிப்பில் மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் விலாவாரியாகச் சொல்லித் தந்தார்கள். ஆமைக்குச் சில பக்கங்கள்தான். வேதாரண்யம் பக்கம் கடலோர மருந்தகம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்த பிறகு, தை மாசியில் வனத்துறையிலிருந்து போன் வர ஆரம்பித்தது. "சார், ஆமை ஒண்ணு ஒதுங்கியிருக்கு. வந்து பார்த்துட்டுப் போங்க." சினை ஊசிக்கு வந்த மாடுகளை அனுப்பிவிட்டு, கத்தியும் கையுறையுமாகக் கிளம்புவேன்.

வருவதெல்லாம் பங்குனி ஆமை என்கிற கடலாமை (ஆலிவ் ரிட்லி). நாற்பது கிலோ இருக்கும். மல்லாத்துவதற்கே இரண்டு பேர் வேண்டும். மேலோடும் அடியோடும் சேரும் விளிம்பில் கத்தி இறங்கும். நுரையீரல் முதுகோட்டின் உள்பக்கம் ஒட்டிக் கிடப்பதால், குடல், ஈரல் எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகுதான் கண்ணில் படும். செத்து அதிக நேரம் ஆகாத ஆமை என்றால் மூச்சுக்குழலில் நுரை நிற்கும், மூழ்கிச் செத்ததற்கு அடையாளம். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் பெரும்பாலும் அழுகித்தான் ஒதுங்குகின்றன. அப்போது நுரையீரல் கூழாகியிருக்கும். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதிவிட்டு வருவேன். எனக்குப் பிடிக்காத வரி அது.

கடலில் வாழ்கிற ஜீவன் கடலிலேயே மூழ்கிச் சாகுமா என்று வேடிக்கை பார்க்கும் பையன்கள் கேட்பார்கள். சாகும். அதற்கும் நம்மைப் போல நுரையீரல்தான். சும்மா கிடந்தால் மணிக்கணக்கில் மூச்சடக்கும். இழுவலைக்குள் சிக்கித் திமிறினால் இருக்கிற காற்று சீக்கிரம் தீர்ந்துபோகும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து விசாரித்தது.

ஒருமுறை அறுத்த பெட்டையின் வயிறு நிறைய முட்டை. டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி வெள்ளை வெளேரென்று. கூட இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர், "புதைச்சுப் பார்க்கலாமா சார்?" என்றார். அசட்டுக் கேள்வி இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்வரை கரு ஒரு கட்டத்தோடு வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். முட்டை வெளியே வந்து காற்றுப் பட்டால்தான் மறுபடி வளரத் தொடங்கும். தாய் செத்த சூடு ஆறுவதற்குள் எடுத்தால் வாய்ப்பு உண்டு. இது நாற்றமடித்துப்போன உடல். அதைச் சொன்னேன். இருந்தாலும் அவர் குழி தோண்டிப் புதைத்தார், நானும் தடுக்கவில்லை. ஒன்றும் பொரியவில்லை.

அதே காவலர்தான் இரவெல்லாம் கரையில் நடந்து, உயிருள்ள ஆமைகள் இட்டுப் போன முட்டைகளை விடிவதற்குள் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருகிறார். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது இருக்கும். சில மணி நேரம் கடந்துவிட்டால் முட்டையைப் புரட்டக் கூடாது, உள்ளே கரு அறுந்துவிடும். ஒன்றரை மாதம் கழிந்து குஞ்சுகள் மேலே வரும். அவற்றைக் கடலில் விடும்போது காக்காய் ஒன்றிரண்டைக் கொத்திக்கொண்டு போகும், அலைக்குள் மீன் காத்திருக்கும். அது எனக்கு உறுத்துவதில்லை. நூற்றுக்கும் மேல் முட்டையிடும் உயிர் அந்தச் சேதாரத்தையும் சேர்த்துத்தான் இடுகிறது. ஆனால் வளர்ந்து, பருவத்துக்கு வந்து, முட்டையோடு கரை தேடி வருகிற ஒன்று வலையில் போவது அந்தக் கணக்கில் சேராது.

விசைப்படகுக்காரர் ஒருவர் தன் கன்றுக்குட்டிக்குக் குடற்புழு மருந்து வாங்க வருவார். வலையில் ஆமை தப்பிக்கிற கம்பிச் சட்டம் வைத்தால் என்ன என்று அவரிடமே கேட்டேன்.

"ஆமை போற ஓட்டையில எறாலும் போயிடும் சார். டீசல் காசை யாரு தருவா?"

அவ்வளவாகப் போகாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "தடைக்காலம் முடியட்டும். ஒருநாள் போட்டுல வாங்க. வலையைத் தூக்குறப்போ நீங்களே எண்ணிப் பாருங்க."

ஜூன் 15-க்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதாகப் பேச்சு. வாந்தி வராமல் இருக்க வேண்டும்.