பங்குனியில் பெல்லெக்ரீனோ மலை

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற நம்மவர்களுக்குப் பெல்லெக்ரீனோ மலை என்றால் இந்த நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாதான். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லை. ஞாயிறு விடிய வெளிக்கிட்டு, கல் பாவிய பழைய பாதையால் ஏறி, குகைக் கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு இறங்குவோம். பாதையோரப் புல்லைப் பார்க்க யாருக்கு நேரம்? எனக்கு அந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவர் நான் வேலை செய்த வீட்டு சிஞ்ஞோரா, அதாவது வீட்டு அம்மா. பாறைப் பக்கம் பூச்சி மாதிரி ஒரு பூ இருக்கும், படம் எடுத்துவா என்றார். அவருக்கு மலையேற முடியாத வயது.

இருந்தது. ஒரு சாண் தண்டு, ரோஸ் நிறத்தில் மூன்று வெளியிதழ்கள், நடுவில் மயிர் அடர்ந்த கபில நிற உதடு. ஒஃப்ரிஸ் என்ற ஓர்க்கிட் சாதி. கைபேசிச் செயலி உடனே ‘ஒஃப்ரிஸ் அபிஃபெரா’ என்றது. சிஞ்ஞோரா படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். அபிஃபெரா பிந்தித்தான் பூக்கும். அதன் உதட்டு நுனி பின்னால் மடங்கிக் கிடக்கும். மகரந்த உருண்டைகள் தாமே தொங்கி வளைந்து சொந்தச் சூல்முடியைத் தொட்டுவிடும், பூச்சிக்குக் காத்திருக்காது. இந்தப் பூவிலோ உதடு அகலம், கரை மஞ்சள். நுனியில் மேல்நோக்கிய ஒரு சின்ன முளை, அதற்குச் சற்று மேலே மயிர்க் குடுமி. குடுமியைக் கண்டால் சந்தேகமே வேண்டாம்: ஒஃப்ரிஸ் டென்த்ரெடினிஃபெரா.

இதில் தேன் கிடையாது. பெண் தேனீயின் வாசத்தை விட்டு ஆணை இழுக்கிறது. அது பூவோடு புணரப் பார்த்து, தலையில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு, அடுத்த பூவிலும் போய் ஏமாறும். அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த பூயான் என்ற பிரெஞ்சுக்காரர் 1916இல் இந்தக் கூத்தை எழுதினார். நீதிபதிக்கு ஏற்ற வழக்குத்தான். இதே சாதியில் மஞ்சள் பூவான ஒஃப்ரிஸ் லூட்டேயாவில் ஆண் தலைகீழாக உட்காரும். மகரந்தம் வயிற்று நுனியில் ஒட்டும்.

ஊரில் போலவே இங்கும் ஐப்பசி, கார்த்திகையில் மழை. அதோடு இலை நிலத்தில் படர்ந்து வரும். கோடையில் எல்லாம் காய்ந்து கிழங்கு மட்டும் மிஞ்சும். செப்டெம்பர் 4 திருவிழாவுக்கு ஏறுகிறவர்கள் காண வழியில்லை. கிண்டிக் கொண்டுபோய்ச் சட்டியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மலை இயற்கைக் காப்பகம், கிழங்குக்கும் அந்த மண்ணின் பூஞ்சை வேண்டும்.

ஒன்றையொன்று பிரித்தறியக் கடினமான ஒஃப்ரிஸ் ஃபுஸ்கா கூட்டம்தான் இன்னும் தலையிடி. ஒஃப்ரிஸில் பத்துச் சொச்சம் இனம் என்பவர்களும் உண்டு, முந்நூறுக்கு மேல் என்பவர்களும் உண்டு. அவர்களே அடிபடட்டும், நான் படத்தின் கீழே ‘ஃபுஸ்கா வகை’ என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.