அழுக்குத் துணி பார்சல்

நேற்று ராத்திரி 'ஹிலாரி அண்ட் ஜாக்கி' (1998) படத்தை மறுபடி பார்த்தேன். செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) மேதை ஜாக்குலின் டு ப்ரே (ஜாக்கி), புல்லாங்குழல் வாசித்த அக்கா ஹிலாரி. சின்ன வயதில் அக்காதான் முதலில் பேர் வாங்குகிறாள். அப்புறம் தங்கை முந்திவிடுகிறாள்.

முதலில் அக்கா பக்கத்துக் கதை, பிறகு தங்கை பக்கத்துக் கதை. வெளிநாட்டிலிருந்து ஜாக்கியின் பார்சல் வருகிறது. ஆசையாகப் பிரித்தால் உள்ளே அழுக்குத் துணி! என்ன திமிர் என்று எனக்கே எரிச்சல். பின்பாதியில், வீட்டில் துவைத்து அனுப்பிய அதே துணியில் முகம் புதைத்து மோந்துகொண்டிருக்கிறாள். படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஹிலாரியும் தம்பி பியர்ஸும் எழுதிய புத்தகம்தான் மூலம். ஜாக்கியின் இசை நண்பர்கள் சிலர் படத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். அதுவும் நியாயம்தான், தன் பக்கத்தைச் சொல்ல அவர் இல்லையே. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் ஜாக்கியின் கையிலிருந்து செல்லோவைப் பிடுங்கியபோது வயது 28. இறந்தது 1987இல், 42 வயதில்.

ஜாக்கியாக வரும் எமிலி வாட்சன் நடிப்பெல்லாம் சரி. ஆனால் காலையிலிருந்து ஓடுவது 1965இல் ஜாக்கி வாசித்த எல்கர் கான்செர்ட்டோதான் (எல்கர் செல்லோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய இசை). அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.