பத்மு தீவில் எக்காளத்தின் அழைப்பு

அப்பாவின் அடக்க ஆராதனையில் போதகர் தெசலோனிக்கேயர் நிருபத்தை வாசித்த நாள் முதல், பிரதான தூதனுடைய சத்தமும் தேவ எக்காளமும் அம்மாவின் ஜெபத்தில் நீங்காமல் இடம்பெற்றன. நாடுகடத்தப்பட்டிருந்த அப்போஸ்தலனாகிய யோவான் எக்காளம் போன்ற பெரிய சத்தத்தைக் கேட்ட, கிரேக்க நாட்டின் பத்மு தீவில் முழங்காலிட்டு ஜெபிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பொருத்தனை. கர்த்தர் அதை நிறைவேற்றித் தந்தார்.

ஏதென்ஸ் அருகேயுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலில் புறப்பட்டோம். கோடையில் ஏஜியன் கடலில் வீசும் வடக்குக் காற்று கப்பலைப் புரட்டியெடுத்ததில், கரை சேரும்வரை அம்மா கண்மூடவில்லை. பத்முவின் ஸ்காலா துறையில் ஏறிய வாடகைக் காரின் ஓட்டுநர், பேசிய கூலியை, யோவான் தரிசனம் கண்டதாகச் சொல்லப்படும் குகையின் வாசலில் உயர்த்திக் கேட்டார். உல்லாசக் கப்பல்களில் வந்திறங்கிய கூட்டம் குறுகலான படிகளை அடைத்து நின்றது. பரிசுத்த இடம் என்ற நினைவே இல்லாமல் வழிகாட்டிகள் ஒருவரை மிஞ்சி ஒருவர் உரத்துப் பேசியது மனத்தை மிகவும் வருத்தியது.

உள்ளே, தொங்கும் விளக்குகளின் ஒளியில், கூரைப் பாறையில் மூன்றாகப் பிரிந்தோடும் வெடிப்பைக் கண்டோம். தேவ சத்தம் அதன் வழியே வந்தது என்பதும், அந்த மூன்று பிளவுகள் திரித்துவத்தைக் குறிக்கின்றன என்பதும் அங்குள்ளோர் போற்றும் மரபு. சுவரின் தாழ்வான பகுதியில், யோவான் தலைசாய்த்ததாகச் சொல்லப்படும் பள்ளத்தைச் சுற்றி வெள்ளி விளிம்பு கட்டியிருக்கிறார்கள். அதன் அருகே அம்மா முழங்காலிட்டார்கள். யோவான் தம் தரிசனத்தை எழுதிய வெளிப்படுத்தின விசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தை நான் தாழ்ந்த குரலில் வாசித்தேன்.

ஏழு தூதர், ஏழு எக்காளங்கள், கல்மழையும் அக்கினியும், இரத்தமாகும் கடல், எட்டி என்னும் நட்சத்திரம் என்று சிறுவயது முதல் அச்சத்தோடு வாசித்த அதிகாரம் அது. ஆனால் அன்று என் மனம் முதல் எக்காளத்துக்கு முந்தைய வசனங்களிலேயே நின்றுவிட்டது. பரலோகத்தில் அரைமணி நேரம் அமைதி உண்டாகிறது. வேறொரு தூதன் தூபத்தோடு பரிசுத்தவான்கள் எல்லாருடைய ஜெபங்களையும் தேவனுக்கு முன்பாக ஏறெடுக்கிறான். அப்படியானால், விதவையாக அம்மா இத்தனை ஆண்டுகள் இருட்டறையில் அழுது செய்த ஜெபங்களும் அந்தத் தூபத்தோடு ஏறியிருக்கின்றன அல்லவா! நியாயத்தீர்ப்பின் எக்காளங்கள் முழங்குமுன், ஏழைகளின் விண்ணப்பங்கள் சிங்காசனத்துக்கு முன் சேர்ந்துவிடுகின்றன.

எக்காளம் எச்சரிக்கிறது என்பது உண்மைதான். எக்காளங்கள் முழங்க இடிந்து விழுந்த எரிகோவின் மதில் அதற்குச் சாட்சி. ஆயினும் வனாந்தரத்தில் மோசேயின் இரண்டு வெள்ளி எக்காளங்கள் சபையைக் கூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி ஆண்டின் எக்காளம் அடிமைகளுக்கு விடுதலையைக் கூறியது. மனுஷகுமாரன் தம்முடைய தூதரை வலுவான எக்காள சத்தத்தோடு அனுப்பி, தெரிந்துகொள்ளப்பட்டவர்களை நான்கு திசைகளிலிருந்தும் கூட்டிச்சேர்ப்பார் என்று மத்தேயு எழுதுகிறார். பவுல் கூறும் கடைசி எக்காளமோ மரித்தோரை எழுப்பும் அழைப்பு. அப்பாவையும் அந்த அழைப்பு எழுப்பும் என்று அம்மா வாய்விட்டுச் சொன்னபோது, சுற்றிலும் இருந்த இரைச்சல் எனக்குக் கேட்கவேயில்லை.

மேலே 1088இல் நிறுவப்பட்ட யோவான் மடாலயத்தையும் கண்டோம். ஆனால் என் நெஞ்சம் குகையை விட்டு நகரவில்லை. படியேற அம்மாவுக்குக் கைகொடுத்த முகமறியாத இளைஞனுக்காகவும், சிறைத்தீவில் கண்டதை எங்களுக்காக எழுதிவைத்த அப்போஸ்தலனுக்காகவும், காற்றின் நடுவே எங்களைக் கரைசேர்த்த கிருபைக்காகவும் கர்த்தருக்குக் கோடான கோடி ஸ்தோத்திரம்.