ஒரு பவுனுக்குக்கூட வராத ஆறாம் நம்பர் லைன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரி. நான் கட்டிய ஃப்ளையை, அதாவது பூச்சி மாதிரி கட்டிய முள்ளை, ஒரு ஜிலேபி மீன் கவ்வியது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மண்புழு குத்தி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இதைவிடப் பெரியதாகப் பத்து பிடித்துவிடலாம், அது எனக்கும் தெரியும். ஆனால் இது கோழி இறகும் பட்டு நூலும் சுற்றிய முள். நாற்பது அடி தள்ளி, சம்பு ஓரமாக, நான் நினைத்த இடத்திலேயே போய் விழுந்த முள். ராடு வளைந்தபோது கை நடுங்கிவிட்டது.

ராடு வீட்டுக்கு வந்தது ஐப்பசியில். மீன் வந்தது தை கடைசியில். இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் வீணாய்ப் போனது, அதுவும் ஒரே ஒரு பொருளால். புதிதாக ஃப்ளை ஃபிஷிங் சாமான் வாங்கப்போகிறவர்கள் நம் பக்கம் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வாங்கியது ஆன்லைனில் ஒரு செட். ஒன்பது அடி, நாலு துண்டு, ஆறாம் நம்பர் ராடு. ரீல், லைன், லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர், பத்து ஃப்ளை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டி. ஆறாம் நம்பர் ஏன் என்றால், நம் ஏரிகளில் ஒன்பது மணிக்கு மேல் காற்று எழும்பிவிடும். நாலாம் நம்பர், ஐந்தாம் நம்பர் எல்லாம் அந்தக் காற்றுக்கு எதிரே நிற்காது. எட்டாம் நம்பர் விராலுக்கு நன்றாக இருக்கும், ஆனால் பழகாத தோளுக்குப் பாரம். ஆறு எடுத்ததில் இன்றும் எனக்கு வருத்தம் இல்லை.

பழகியது எங்கள் கொல்லையில். கேழ்வரகு அறுக்கும்வரை களத்தில், அறுத்த பிறகு கொல்லையிலேயே. முள்ளை வெட்டிப்போட்டு, நுனியில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு கட்டி, காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. பேக் காஸ்ட், அதாவது பின்பக்கம் வீசும் லைன், பின்னால் நீளும்வரை காத்திருந்தேன். மணிக்கட்டு உடையக்கூடாது என்று சட்டைக் கைக்குள் ராடின் அடியைச் செருகிக்கொண்டேன். ராடைக் கடிகார முள்ளாக நினைத்து, கையைப் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவிலேயே நிறுத்தினேன். வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டியும் பார்த்தேன். எல்லாம் செய்தும் லைன் இருபது, இருபத்தைந்து அடியில் தொப்பென்று குவிந்தது. இன்னும் வேகமாக வீசினால் இன்னும் மோசம். லீடரில் தானாக முடிச்சு விழுந்ததுதான் மிச்சம்.

குறை என் கையில்தான் என்று நம்பினேன். பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவர் இமாச்சலத்தில் டிரவுட் பிடித்துப் பழகியவர். அவருக்கு வீடியோவை அனுப்பினேன். "கை பரவாயில்லைங்க. ராடு வளையவே இல்லையே, அதைப் பாருங்க. லைனை நிறுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நிறுப்பதா? லைனை நிறுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. பெட்டியில் டபிள்யூ.எஃப்.6.எஃப் என்று, அதாவது முன்பக்கம் கனமான, மிதக்கும் ஆறாம் நம்பர் லைன் என்று அச்சடித்திருந்ததே.

ஆனால் அந்த நம்பரே எடைதான். லைனின் முன்பக்கம் முதல் 30 அடி எத்தனை கிரெய்ன் என்பதை வைத்துத்தான் நம்பர் போடுகிறார்கள். நாலுக்கு 120 கிரெய்ன், ஐந்துக்கு 140, ஆறுக்கு 160, ஏழுக்கு 185, எட்டுக்கு 210. ஆறுக்கு எட்டு கிரெய்ன் முன்னே பின்னே இருக்கலாம். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். அப்படிப் பார்த்தால் ஆறாம் நம்பர் லைன் 10.37 கிராம் வர வேண்டும். நம் கணக்கில் ஒன்றேகால் பவுனுக்குச் சற்று மேல்.

பவுன் கணக்கு வந்த உடனே எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. வீட்டில் இருப்பது சமையல் தராசு, அது கிராமுக்குக் கீழே காட்டாது. எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான நகைக்கடைக்குப் போனேன். மதியம், கூட்டம் இல்லாத நேரம். கடைக்காரர் லைனைத் தொட்டுப் பார்த்து, "இது என்னங்க தம்பி, ஒயருங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. ஃபேனை நிறுத்தினார். தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார்.

நிறுக்கிற விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இதில் தப்பினால் எடையும் தப்பும். லைனை வெட்டத் தேவையில்லை. நுனியில் தடிமன் மாறாமல் வரும் அரையடியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதை விட்டுவிட்டு, அங்கிருந்து 9.14 மீட்டர் டேப் வைத்து அளந்து, இரண்டு முனையிலும் சிவப்பு நூலில் அடையாளம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்த 30 அடியை மட்டும் சின்ன வளையமாகச் சுற்றித் தட்டில் வைத்தோம். பாக்கி லைன் தராசின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தட்டின் உயரத்துக்கே அடுக்கிய கணக்குப் புத்தகங்களின் மேல். தொங்கவிட்டால் அந்தப் பாரமும் சேர்ந்து இழுக்கும். நுனி அரையடியையும் அதே மாதிரி இந்தப் பக்கம் ஒரு பெட்டியின் மேல் சாய்த்துவிட்டோம்.

7.74 கிராம்.

எடுத்து மறுபடி வைத்தோம். 7.74. கடைக்காரர் கால்குலேட்டரில் 0.0648 ஆல் வகுத்தார். 119 கிரெய்னுக்குக் கொஞ்சம் மேல். அச்சு அசலாக நாலாம் நம்பர் லைன். பெட்டியில் ஆறு என்று போட்டு நாலை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பவுனுக்குக்கூட வரவில்லை.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தூண்டிலில் ஈயம் பாரத்தைத் தருகிறது, நரம்பு பின்னால் போகிறது. இங்கே ஃப்ளைக்குப் பாரமே இல்லை, லைன்தான் பாரம். அந்தப் பாரம் பின்னால் இழுத்தால்தான் ராடு வில் மாதிரி வளைந்து, நிமிரும்போது லைனைத் தள்ளும். ஆறாம் நம்பர் ராடுக்கு நாலாம் நம்பர் லைன் என்றால், பக்கத்திலேயே வீசிப் பழகும் புது ஆளுக்கு அந்த ராடு வளையவே வளையாது. கைதேர்ந்தவர் நிறைய லைனைக் காற்றில் நிறுத்தி அந்தக் குறையை ஈடுகட்டிவிடுவார். நம்மால் முடியாது. கனமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது பல கம்பெனிகள் அரை நம்பர் கூடுதல் எடையில்தான் லைன் செய்கின்றன, புதிதாகப் பழகுகிறவருக்கு அது உதவியாகவே இருக்கும். குறைவாக இருந்தால்தான் வீண்.

விற்றவர்களுக்கு எழுதினேன். பிரித்துவிட்ட லைனைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில். பிரிக்காமல் எப்படி நிறுப்பது? இரண்டு மாதம் என் கையை நான் குறை சொன்னதுதான் எனக்கு ஆற்றாமை. பணம்கூட அப்புறம்தான்.

தனியாக ஒரு லைன் வாங்கினேன், 2,900 ரூபாய். முழு செட்டும் வந்த விலையில் பாதி. வந்த அன்றே அதே கடை, அதே தராசு. 10.41 கிராம். சாயங்காலம் கொல்லைக்குப் போய் மூன்றாவது வீச்சிலேயே லூப், அதாவது காற்றில் லைன் போடும் வளைவு, பிரிந்து நீண்டு போய்ப் படுத்தது. கையில் ராடு வளைவதும், லைன் பின்னால் "இழு" என்று சொல்வதும் முதல்தடவையாகத் தெரிந்தது. இருட்டும்வரை வீசிக்கொண்டே இருந்தேன், அம்மா வந்து கூப்பிட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

ஆகவே என் முடிவு: காசை லைனில் போடுங்கள். அடுத்து ராடு. ரீலுக்குக் கடைசி. ஜிலேபியும் கெண்டையும் ரீலை ஓட்டிக்கொண்டு ஓடப்போவதில்லை, லைனைக் கையாலேயே இழுத்துக்கொள்கிறோம். ரீல் லைனைச் சுற்றி வைத்தால் போதும். லைனுக்கு அடியில் ரீலில் சுற்றும் பேக்கிங்குக்கு, 20 பவுண்டு தாங்கும் டேக்ரான் நூல் ஐம்பது மீட்டர் சுற்றினால் போதும். பருத்தி நூலைச் சுற்றிவிடாதீர்கள், ஈரத்தில் இற்றுப்போகும்.

லீடர் விலைக்கு வாங்கவே தேவையில்லை. தர்மபுரியில் தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் தங்கூசி, அதாவது நைலான் நரம்பே போதும். 0.45 மில்லிமீட்டர் தடிமனில் நாலரை அடி, 0.35 இல் ஒன்றரை அடி, 0.28 இல் ஒரு அடி, கடைசியில் 0.20 இல் இரண்டு அடி. மொத்தம் ஒன்பது அடி. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துவிடுங்கள். உலர்ந்த முடிச்சு இறுகும்போது சூடேறி தங்கூசி பலம் இழக்கிறது. என் முதல் நாலு லீடரும் அப்படித்தான் அறுந்தன.

இந்தக் கடைசி இரண்டடிதான் டிப்பெட். அதற்கு 3 எக்ஸ், 4 எக்ஸ் என்று நம்பர் சொல்வார்கள். அந்த எக்ஸ் எங்கிருந்து வந்தது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 1938 இல் நைலான் வரும் முன் டிப்பெட்டுக்குப் பட்டுப்புழு நரம்புதான். கூடு கட்டும் தறுவாயில் உள்ள புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து நீளமாக இழுத்தால் நரம்பு ஆகும். ஸ்பெயினில் முர்சியா பக்கம் அதற்கென்றே தொழில் நடந்திருக்கிறது. அந்த நரம்பைத் துளை வழியே எத்தனை தடவை இழுத்து மெலிதாக்கினார்களோ அத்தனை எக்ஸ். ஃப்ளை லைனும் அந்தக் காலத்தில் பட்டில் பின்னியதுதான். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் புழு வளர்க்கிறோம், கூடு தர்மபுரி அங்காடிக்குத்தான் போகிறது. நான் முசுக்கொட்டை இலை வெட்டிப் போட்ட புழுவுக்கும் இந்த விளையாட்டுக்கும் இப்படி ஒரு உறவு இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அதனால் ஃப்ளை கட்டுவதற்குப் பட்டு நூலையே பிடித்துக்கொண்டேன். நூல் எடுப்பவர் ஒருவரிடம் மெல்லிய முறுக்கு நூல் ஒரு கண்டு கேட்டு வாங்கினேன், காசு வாங்க மறுத்துவிட்டார். தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துவிட்டால் முள்ளின் மேல் வழுக்காமல் உட்காருகிறது. இறகுக்குப் பிராய்லர் கடை வேண்டாம், அந்த இறகு மடக்கென்று தண்ணீரைக் குடிக்கும். நாட்டுச் சேவலின் கழுத்து இறகு வேண்டும், எங்கள் தெருவிலேயே கிடைக்கிறது. ஜிலேபி எடுத்தது பன்னிரண்டாம் நம்பர் முள்ளில் கட்டியது: பழுப்புக் கம்பளி உடம்பு, முன்னால் இரண்டே சுற்று சேவல் இறகு, வேறொன்றும் இல்லை. கொக்கியின் மீசையைக் குறடால் நசுக்கிவிட்டேன். மீனை விடுவதும் சுலபம், காதில் ஏறினால் எடுப்பதும் சுலபம். கண்ணாடி போடாமல் வீசவே வீசாதீர்கள்.

ஏரியில் இன்னொரு சிக்கல், கரைக்குப் பின்னால் வேலிக்காத்தான். பேக் காஸ்ட் போட்டால் ஃப்ளை முள்ளில். அதனால் லைனைப் பின்னால் வீசாமல் முன்னால் உருட்டி விடும் ரோல் காஸ்ட் பழகிக்கொண்டிருக்கிறேன். அது தரையில் வராது, லைனைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். களத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. ஏரிக்கே போக வேண்டும். மீன்பாசி குத்தகை எடுத்திருப்பவரிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். "கட்லாவைத் தொடாதீங்க, ஜிலேபி எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்றார். நீங்களும் கேட்காமல் இறங்காதீர்கள்.

ஒகேனக்கல்லுக்கு எப்போது போகிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அங்கே காவிரியில் இருக்கும் பெரிய மீனான மஹ்சீர் மேல் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் காவிரியின் திமில் மஹ்சீர் 2018 முதல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 2022 இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக் காடுகளிலும் சேர்த்துக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். அந்தத் தண்ணீருக்கு நான் ராடு எடுத்துப் போக மாட்டேன். பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

இப்போது மேசை மேல் இருப்பது ஈசல். முதல் மழைக்குப் பிறகு ஈசல் பறந்து ஏரியில் விழும்போது கெண்டை துள்ளித் துள்ளி எடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதே மாதிரி ஒரு மிதக்கும் ஃப்ளை வேண்டும். உடம்புக்கு ஸ்டேஷனரி கடையின் பழுப்பு ஃபோம் ஷீட், இரண்டு மில்லிமீட்டர். இறக்கைக்கு முதலில் பாலித்தீன் கவரை வெட்டி வைத்தேன், வீசும்போது காற்றில் சுழன்று டிப்பெட்டை முறுக்கிவிட்டது. இறகை வைத்தேன், நனைந்ததும் மூழ்கியது. பட்டுக்கூட்டின் உட்பக்கத் தோலைப் பிரித்து, மெழுகு தடவி வைத்துப் பார்க்கலாம் என்று இன்று காலையில்தான் தோன்றியது. ஓட்டைக் கூடு நாலு எடுத்து வெந்நீரில் போட்டிருக்கிறேன்.